வில்வண்டி முதல் குறுக்குத் தண்டு வரை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு, இந்நகரின் சாலைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் பிரிந்து செல்வது நன்கு தெரியும். வடக்கே வேடசந்தூர் வழியாகக் கரூருக்கு ஒன்று. மேற்கே ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஒன்று. தெற்கே மதுரைக்கு ஒன்று. தென்மேற்கே வத்தலக்குண்டைத் தொட்டுக் கொடைக்கானல் மலைமீது ஏறுவது மற்றொன்று. அருகிலேயே சிறுமலை நிற்கின்றது. அதன்மேல் ஏறும் பாதைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஓடிப் பழகிய வண்டி எதுவாயினும் அதன் வலிமையையும் மெலிவையும் அந்தப் பதினெட்டு வளைவுகள் மறைக்காமல் சொல்லிவிடும்.

என் வீட்டு வாசலில் பழைய மாருதி 800 கார் ஒன்று நிற்கின்றது. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒருவர் ஓட்டிய பின் விற்றதை வாங்கியது. அதற்கு முன்புறத்தில் குறுக்குத் தண்டு ஒன்று பொருத்த வேண்டும் என்று, மோட்டார்ப் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குகள் அதனை ‘ஸ்ட்ரட் பார்’ என்கிறார்கள். பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு மேலே, இடப்புறச் சக்கரத்தின் தலைமேட்டையும் வலப்புறச் சக்கரத்தின் தலைமேட்டையும் பிணைத்துக் கிடக்கும் ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான். கார் செய்தவர்கள் வைக்காத ஒன்றை நாம் ஏன் வைக்க வேண்டும் என்பது என் கேள்வி. மாணவரோ, “ஐயா, வளைவில் வண்டி நெளிகிறது, நீங்கள் கவனிக்கவில்லை” என்றார். தலைமையாசிரியராக இருந்தவனிடம் ‘நீங்கள் கவனிக்கவில்லை’ என்று சொல்லுதல் எளிதன்று. அவர் சொன்னார். ஆகவே விடை தேடப் புகுந்தேன். அத்தேட்டம் என்னைப் பட்டறையிலிருந்து பழங்காலத்துக்கு இழுத்துச் சென்றது.

வண்டியைச் செய்தவன் ஒருவன், அதனை ஓட்டுபவன் மற்றொருவன். ஓடும் பாதையை அறிந்தவன் ஓட்டுபவனே. ஆதலால் செய்தவன் வைக்காத ஒன்றை ஓட்டுபவன் தானே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. நம் இலக்கியத்திலேயே அதற்குச் சான்று உண்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாடலில் உப்பு வணிகரின் வண்டி வருகின்றது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, உமணர் வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்வராம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மன்னனை அந்தச் சேம அச்சோடு ஒப்பிடுகிறார் புலவர். வண்டியின் அடியில் ஒருவரும் பாராத இடத்தில் தொங்கும் ஒரு மரத்துண்டு, அரசனுக்கு உவமையாகும் தகுதி பெற்றுவிட்டது.

உமணரின் வண்டிக்கு வில் இல்லை. சக்கரத்துக்குக் கிடைத்த அடி அச்சுக்கும், அச்சிலிருந்து பாரத்துக்கும் நேராகவே சென்றது. நம் கட்டை வண்டியும் பன்னெடுங்காலம் அவ்வாறே ஓடியது. மூட்டைக்கு வலி இல்லை. ஆதலால் எவரும் கவலைப்படவில்லை. மனிதர் அமரும் வண்டிக்குத்தான் வில் தேவைப்பட்டது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்து, அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே வைத்தார்கள். வில்லின் வடிவில் இருந்தமையால் அவ்வண்டி வில்வண்டி ஆயிற்று. திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் என் இளமைக் காலத்திலும் வில்வண்டி வைத்திருந்த வீடு ஒரு மதிப்புக்குரிய வீடாகவே இருந்தது. மணப்பெண் வந்து இறங்குவதும் அதில்தான். மருத்துவரிடம் நோயாளி செல்வதும் அதில்தான்.

இழுத்தால் நீளும் பொருள், இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவில் நீளும் என்ற விதியை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678இல் அச்சிட்டு வெளியிட்டார். மாணவர்களாகிய நீங்கள் அதனைப் பௌதிக நூலில் கற்றிருப்பீர்கள். இலண்டனில் குதிரைவண்டி செய்த ஒபதையா எலியட் என்பவர், 1804இல் நீள்வட்ட வடிவான வில்லை வண்டிக்குப் பொருத்தினார். விதி நூலேறியதற்கும் அந்த நீள்வட்ட வில்லுக்கும் இடையே நூற்றிருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. அறிவு ஏட்டிலிருந்து பட்டறைக்கு நடந்துவர எடுத்துக்கொள்ளும் காலத்தை எண்ணிப் பார்க்கும்போது சில வேளை எனக்கு வியப்பும், சில வேளை வருத்தமும் தோன்றும்.

சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி முதலில் குதிரைவண்டிகளைச் செய்த நிறுவனமே. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னை வீதியில் ஓட்டினார். குதிரைவண்டி செய்த கைகளே மோட்டார் வண்டியையும் செய்தன. வில்லும் அக்கைகளோடு கூடவே வந்துவிட்டது. சென்னையில் எம்.சி. 1 என்ற எண்ணைத் தன் காருக்குப் பெற்றவர், துறைமுகப் பொறுப்பில் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று கூறுவர். முதல் எண் பெற்ற கார் உடையவரின் பெயரே ஸ்பிரிங்! வகுப்பறையில் இதனைச் சொன்னால், உறங்கும் மாணவனும் ஒருமுறை கண் விழிப்பான்.

நம் பகுதிக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875இல். அதன் பின்னர்க் கொடைக்கானலுக்குச் செல்வோர் இன்று கொடை ரோடு எனப்படும் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரம் வரை மாட்டுவண்டியில் இரவெல்லாம் குலுங்கிச் சென்று, அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ மலை ஏறினர். டோலிக்கு வில் எது? சுமப்பவரின் தோளும் முழங்காலுமே வில். மனித உடம்பைவிடச் சிறந்த வில்லை இன்றுவரை எவரும் செய்ததில்லை என்பது உண்மை. ஆயினும் அந்த வில்லுக்கு வலிக்கும் என்பதை அதன்மேல் அமர்ந்தவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, அறியேன். பின்னர் லா என்னும் அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைச்சாலை அமைந்து, மோட்டார் வண்டிகள் மேலே சென்றன.

தொடக்ககால மோட்டார் வண்டியின் அமைப்பு மாட்டுவண்டியினின்று பெரிதும் வேறுபட்டதன்று. அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம். சட்டத்தின் கீழ் வில்லும் அச்சும். சட்டத்தின் மேல் கூடு. கூட்டைக் கழற்றி எடுத்துவிட்டாலும் வண்டி ஓடும். இம்முறையை முதலில் மாற்றியவற்றுள் இத்தாலியின் லான்சியா லாம்டா என்னும் கார் குறிப்பிடத்தக்கது. 1922இல் வெளிவந்த அக்காரில் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டத்தின் வேலையையும் செய்தது. 1934இல் பிரான்சின் சித்ரோயன் கம்பெனி அம்முறையைப் பெருமளவில் கையாண்டது. முட்டை ஓட்டுக்குள் எலும்பு இல்லை. ஆயினும் ஓடு தாங்குகிறது அன்றோ? அதுபோலத் தகடுகளை மடித்து, ஒட்டி, பாரத்தை உடல் முழுவதும் பங்கிட்டுவிட்டார்கள். எடை குறைந்தது; விலையும் குறைந்தது. ஆனால் ஒரு புதிய கவலையும் உடன் வந்தது. தகட்டில் துரு ஏறினால், அழகு மட்டும் கெடுவதன்று, எலும்பே அரிக்கப்பட்டதாகும். இதனைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டுச் சாலைகளில் இருவகைக் கார்களும் ஓடின. சென்னையின் புறநகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960களில் செய்த ஹெரால்டு கார் தனிச் சட்டம் உடையது. வங்காளத்து உத்தரபாராவில் 1957 முதல் செய்யப்பட்ட அம்பாசிடர், உடலே சட்டமாக அமைந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைக் காரே இங்கே அம்பாசிடர் ஆயிற்று. அதன் முன்புறத்தில் வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு. பின்புறத்தில் நம் வில்வண்டியில் கண்ட அதே எஃகுப் பட்டைகள். 2014 மே மாதம் வரை அக்கார் செய்யப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு வாடகைக்கு ஓடிய அம்பாசிடர்களின் பின்புறத்தை நான் சிறுவனாக இருந்தபோதே கவனித்திருக்கிறேன். ஓட்டுநர்கள் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துப் பின்புறத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். ஐவர்க்கு அமைந்த வண்டியில் ஒன்பதின்மர் ஏறுவதற்கு அது பரிகாரம். வெற்று வண்டியாகத் திரும்பும்போது ஓட்டுநரின் முதுகு அதற்கு விலை கொடுத்தது.

இனி மெக்பர்சன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லுதல் இயலாது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் சிறிய, எளிய காரொன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். 1947இல் அவர் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அச்சிறிய காரை அக்கம்பெனி வெளியிடாமலே கைவிட்டது. அவரும் போர்டு கம்பெனிக்குச் சென்றுவிட்டார். 1950இல் இலண்டன் மோட்டார்க் காட்சியில் வைக்கப்பட்ட போர்டு கான்சல், செபிர் என்னும் கார்களின் வாயிலாக அவர் அமைப்பை உலகம் பரவலாக அறிந்தது.

அதன் நுட்பம் இது. முன்னைய கார்களில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இரண்டு கைகள் பிடித்திருந்தன. மெக்பர்சன் மேற்கையை நீக்கிவிட்டார். அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரையே ஒரு தூணாக நிறுத்தி, அதைச் சுற்றிச் சுருள்வில்லை வைத்து, தூணின் தலையைக் காரின் உடலோடு முடுக்கிவிட்டார். உறுப்புகள் குறைந்தன, இடம் மிஞ்சியது, விலை இறங்கியது. ஆனால் நீக்கிய மேற்கையின் வேலை எங்கே போயிற்று? வேலை என்பது நீக்கினால் மறைவதன்று. வேறொருவர் தலையில் ஏறும். இங்கே அது காரின் உடல் மீது ஏறியது. வளைவில் திரும்பும்போது சாலை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தூணைச் சாய்க்க முயல்கிறது. தூணின் தலையைப் பிடித்து நிறுத்துவது, தகட்டால் ஆகிய ஒரு மேடு மட்டுமே. அந்த மேட்டை நாம் தூண்தலை என்று சொல்லிக்கொள்வோம்.

1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தபோது மெக்பர்சனின் தூணும் உடன் வந்தது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், ஏறக்குறைய 650 கிலோகிராம் எடை. முதலில் வந்த கார்களில் பின்புறத்துக்கு எஃகுப் பட்டைகளே இருந்தன. 1986இல் வடிவம் மாறியபோது பின்புறமும் சுருள்வில் பெற்றது. வில்வண்டியின் வில் அவ்வாறு நடுத்தர வீட்டுக் காரிலிருந்து விடைபெற்றது. 2014 ஜனவரியில் அக்காரின் உற்பத்தியும் முடிவுற்றது. ஆயினும் திண்டுக்கல் தெருக்களில் இன்னும் பல ஓடுகின்றன, என்னுடையதும் ஒன்று.

குறுக்குத் தண்டின் பிறப்பைத் தேடியபோது நான் எதிர்பாராத இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது: 1963இலும் 1964இலும் மாண்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் போர்டு பால்கன் கார்கள் கலந்துகொண்டன. குளிர்கால மலைப்பாதைகளில் நடக்கும் பந்தயம் அது. இடப்புறத் தூண்தலையையும் வலப்புறத் தூண்தலையையும் நேராக இணைக்கும் தண்டுக்கு அமெரிக்கர் இன்றும் ‘மாண்டி கார்லோ பார்’ என்றே பெயர் சொல்கின்றனர். 1965இன் ஷெல்பி மஸ்டாங் காரிலும் அது இடம்பெற்றது. இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் இனித்தது. அக்கார்களின் தூண்தலைகளை, எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டோடு இரண்டு தனித்தனித் துண்டுகள் பிணைத்திருந்தன. உள்நாட்டுக்கு அது போதும் என்று விட்டார்கள். கரடுமுரடான சாலைகள் உள்ள நாடுகளுக்கு அனுப்பிய கார்களிலோ, அவ்விரு துண்டுகளுக்கும் மாற்றாக வலிய ஒரே துண்டை வைத்தார்கள். அதன் பெயரே ‘ஏற்றுமதித் தாங்கி’. நல்ல சாலைக்கு ஒரு கார், கெட்ட சாலைக்கு ஒரு கார் என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட சான்று அது. உமணரின் சேம அச்சு என் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

இவ்விரண்டும் ஏன் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தென்னங்குச்சிகள் மூன்றை முனைகளில் குண்டூசியால் பிணைத்து முக்கோணம் ஆக்குங்கள். அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளைப் பிணைத்துச் சதுரம் ஆக்குங்கள். விரலால் தள்ளினாலே சாய்ந்துவிடும். தூண்தலைகள் இரண்டு, அவற்றின் கீழே குறுக்குச் சட்டம் ஒன்று: மேற்புறம் திறந்த பெட்டி போன்றது காரின் முன்பகுதி. குறுக்குத் தண்டு அப்பெட்டியின் மேற்புறத்தை மூடுகிறது. அதனால் தூண்தலைகள் ஒன்றையொன்று நெருங்கவும் விலகவும் இயலாது. ஆனால் இரண்டும் ஒரே பக்கம் சாய்வதை அது தனியாகத் தடுக்காது; சதுரம் சதுரமே. பின்னே தடுப்புத் தகட்டோடு பிணைத்தால்தான் முக்கோணம் பிறக்கின்றது. மாருதியின் தூண்தலைகள் ஏற்கெனவே தடுப்புத் தகட்டுக்கு அருகில் இருப்பதால் அதற்கு இயல்பாகவே ஓரளவு பிடிப்பு உண்டு. ‘ஆகவே தண்டினால் பெரும்பயன் இராது’ என்று மாணவரிடம் வாதிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அளந்து பார்ப்போம், ஐயா” என்றார். நான் கற்பித்த பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்.

அளந்தோம். மெல்லிய மூங்கிற்குச்சிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமாறு கட்டி, ஒன்றின் முனையை இடப்புறத் தூண்தலையிலும் மற்றொன்றின் முனையை வலப்புறத் தூண்தலையிலும் ஒட்டினோம். நடுவில் இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்று. தூண்தலைகள் நெருங்கினால் ஒரு குச்சி வளையத்தைத் தள்ளும். விலகினால் வளையம் தள்ளிய இடத்திலேயே நின்று சாட்சி சொல்லும். சிறுமலைப் பாதையில் மூன்று வளைவுகள் மட்டும் ஏறி இறங்கிப் பார்த்தோம். வளையம் ஒரு நெல்மணியின் தடிமன் அளவு நகர்ந்திருந்தது. நெல்மணி சிறியது என்று எண்ணாதீர்கள். அசையவே கூடாத இடத்தில் அது பெரிது. மாணவர் வென்றார், நான் தோற்றேன். தண்டு செய்ய ஒப்புக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் இரும்பு வேலைக்குக் கை தேட வேண்டியதில்லை. 1755இல் இவ்வூருக்குப் பொறுப்பேற்ற ஹைதர் அலி, பிரெஞ்சுத் தொழில் வல்லுநர்களைக் கொண்டு இங்கே ஆயுதசாலை அமைத்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அரம் கொண்டு மயிரிழை அளவு தேய்த்து நெம்புகளைப் பொருத்தும் அக்கைகளின் நுண்மையைக் கண்டவர்கள், இவ்வூரில் அளவு தவறிய வேலை எளிதில் நடக்காது என்று நம்புவார்கள். ஒரு லேத் பட்டறையில் எஃகுக் குழாய் வாங்கி, இரு முனைகளிலும் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்து, தூண்தலையின் நட்டுகள் அமரும் துளைகளையும் இட்டுத் தந்தார்கள். தண்டு ஒரே துண்டாக, வளைவின்றி இருத்தல் நலம். நடுவில் கீல் வைத்த தண்டு அழகுக்கே உதவும். பானெட்டிலும் ஏர் கிளீனரிலும் இடிக்காத உயரமும் பார்க்க வேண்டும்.

பொருத்தும் நாளில்தான் செய்தி வேறாயிற்று. தகடு நன்றாகப் படிய வேண்டும் என்பதற்காக, மாணவர் வலப்புறத் தூண்தலையின் பெயின்ட்டைச் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு தெரியவில்லை, பட்டி தெரிந்தது. சிறு சுத்தியலால் தட்டினார். இடப்புறம் ‘டங்’ என்று ஒலித்தது. வலப்புறம் மண்பானை போல ஒலித்தது. பட்டியைப் பெயர்த்தபோது, தகட்டின் மடிப்பில் விரல் நீளத்துக்குத் துரு தின்ற இடம் வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் டிங்கரிங் வேலைக்கு இக்காரை விட்டிருந்தேன். அங்கே துருவை வெட்டி எடுக்காமல், பட்டியால் நிரப்பிப் பெயின்ட் அடித்துத் தந்துவிட்டார்கள். பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து கூலி கொடுத்தவன் நான்தான். என் மனைவியையும் பேரக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அதன் பிறகு எத்தனை முறை மலை ஏறினேன் என்று எண்ணிப் பார்த்தேன். மாணவரும் நானும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

வளையத்தை நகர்த்தியது வடிவத்தின் குறையா, துருவா? இப்போது விளங்கியது. அந்தத் துருவின்மீது தண்டை முடுக்கியிருந்தால், நெளிவு குறைந்ததுபோலத் தோன்றியிருக்கும். அரித்த தகட்டின்மீதே தண்டின் இழுப்பும் சேர்ந்திருக்கும். “முதலில் தகடு, பிறகு தண்டு” என்றார் மாணவர். அரித்த பகுதியை வெட்டி நீக்கி, அதே தடிமனுள்ள புதுத் தகட்டை வைத்து, ஓரத்துக்கு மட்டுமன்றி மடிப்பு நெடுகவும் வெல்டிங் செய்து, உட்புறத்தில் துருத்தடுப்பு பூசினார். தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினார். பிறகு மூங்கிற்குச்சியைக் கட்டிக்கொண்டு அதே மூன்று வளைவுகளுக்குச் சென்றோம். வளையம் நகர்ந்ததா என்று கண்ணாடி அணிந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நூலிழை நகர்ந்திருந்தது என்று அவர் சொன்னார். இல்லை என்பேன் நான்.

தண்டை என்ன செய்வது? செய்ததைப் பொருத்தினோம். பொருத்தும் முறையை, உங்களுள் பட்டறைக்கும் பாலிடெக்னிக்குக்கும் செல்லப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். காரை ஜாக்கியில் தூக்கி வைத்துப் பொருத்தலாகாது. சமதரையில், நான்கு சக்கரங்களின்மீதும் எடை தாங்கி நிற்கும் நிலையிலேயே பொருத்த வேண்டும். தூக்கிய காரில் தூண்தலைகள் வேறோரிடத்தில் நிற்கும்; அப்போது முடுக்கினால் தண்டு உடலை எந்நேரமும் இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருக்கும். சுற்றிலும் உள்ள நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது. அதன் கீழே சுருள்வில் அமுங்கிக் கிடக்கின்றது. அது விடுபட்டால் உயிருக்கே கேடு. தகட்டின் தடிமனால் திருகின் புரி நட்டுக்குப் போதாமற் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், இருபுறமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, கார்க் கம்பெனியின் கைநூல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சில நாள் ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எங்கள் தண்டு துளை இடாமல், எதையும் வெட்டாமல், இருந்த நட்டுகளிலேயே அமர்வது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆயினும் இத்தகையது எதையும் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் முறை. நான் கேட்ட பின்னரே பொருத்தினேன்.

தண்டு பொருத்தியபின் பதினெட்டு வளைவுகளையும் ஏறினோம். வளையம் அசையவில்லை. ஆனால் தகடு மாற்றிய பின்னரும் அது அசைந்ததாக எனக்குத் தெரியவில்லையே! ஆகவே தண்டு என்ன செய்கிறது என்று கேட்டால், மேட்டில் ஒரு சக்கரம் ஏறும்போது ஸ்டியரிங்கில் வரும் உணர்வு சற்றுத் தெளிவாக இருக்கிறது என்பார் மாணவர். சமவெளியில், ஒட்டன்சத்திரம் சாலையில், எனக்கு ஒரு வேற்றுமையும் தோன்றவில்லை. பள்ளத்தில் விழும்போது ஒலி சிறிது கூடியிருக்கிறது என்று என் மனைவி சொல்கிறார். மூவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம். நானோ தண்டைக் காணுந்தோறும், அது சுரண்டச் செய்த பெயின்ட்டைத்தான் நினைக்கிறேன்.

மூங்கிற்குச்சிகளும் ரப்பர் வளையமும் இப்போது அந்தப் பட்டறையின் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. பழைய கார் வந்தால், தண்டு கேட்டு வருபவராயினும், மாணவர் முதலில் சுத்தியலை எடுத்து இரண்டு தூண்தலைகளையும் தட்டிக் கேட்கிறார். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் என் காரின் வலப்புற மடிப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று நாள் குறித்துச் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.